அப்பாவின் ஹெரால்டுக்கு என்ன விலை சொல்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அப்பா 1966-இல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1998 முதல் தேவகோட்டை வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஒரு தடவைகூட முழுப் பெயின்ட் அடித்ததில்லை என்று அம்மா சொல்கிறார். ஊர்ப் புரோக்கர் 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். மதுரை மெக்கானிக் ஒருவர், 1.5 லட்சம் போட்டு டிங்கரிங், பெயின்ட் முடித்தால் 6 லட்சத்துக்குப் போகும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்போது நிற்கிற நிலையிலேயே வண்டிக்கு என்ன மதிப்பு என்பது ஒன்று. விற்பதற்கு முன் அதன்மேல் பணம் போடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். முதலாவதற்குத்தான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் 1987-இல் கோவையில் ஒரு பட்டறையில் கைவேலை பழகப் போனேன். இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபியட், அம்பாசடர், ஹெரால்ட், மோரிஸ் மைனர் என்று பழைய வண்டிகள்தான் என் பிழைப்பு. கடந்த பதினைந்து வருடமாக, அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன வண்டியை விற்க நினைக்கும் குடும்பங்களுக்கு விலை மதிப்பும் சொல்லி வருகிறேன். நீங்கள் போட்ட நான்கு படங்களை வைத்து இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னால் அது பொய்யாகிவிடும். தரையில் படுத்து, டார்ச் அடித்து, கீழே பார்க்காமல் எந்த ஹெரால்டுக்கும் விலை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதைச் சொல்ல முடியும். அதில் பெரும்பகுதி வேலையை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம்.

முதலில் 'வின்டேஜ்' என்ற சொல்லைத் தள்ளி வைப்போம். புரோக்கர் வாயில் அது விலையை ஏற்றவும் இறக்கவும் பயன்படுகிற சொல். பிரிட்டனில் ஆர்வலர்கள் 1919 முதல் 1930 வரை செய்த வண்டிகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம் ஊர் மோட்டார் இன்சூரன்ஸ் கட்டண விதிகள் 1940 முடிவுக்கு முன் செய்த வண்டிகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தன. 2021 ஜூலையில் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளோ, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை வின்டேஜ் என்கின்றன. உங்கள் வண்டி முதல் இரண்டு கணக்கிலும் சேராது. மூன்றாவதில் சேரும், அதுவும் மாற்றம் இல்லாமல் இருந்தால் மட்டும். அந்த ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். கை வைக்காமல் இருப்பதற்குச் சட்டத்திலேயே ஒரு மதிப்பு வந்திருக்கிறது.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் எது விலை, எது செலவு என்று பிரிக்க முடியும். பிரிட்டனில் 1959-இல் ட்ரயம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி இது. வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிச்செலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இல் 948 சிசி இன்ஜினுடன் இதைச் செய்ய ஆரம்பித்து, வருடா வருடம் உள்நாட்டுப் பாகங்களைக் கூட்டிக்கொண்டே போய், 1971 வரை செய்தது. அறுபதுகளின் கடைசியில் வந்த நான்கு கதவு மார்க் 3 உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, இந்தியாவில் மட்டும்தான். 1972-இல் அடுத்த மாடலான கஸல் வந்தபோது அதே இன்ஜினை வைத்துப் பின் ஆக்ஸிலை மாற்றினார்கள். ஹெரால்டின் பின் சக்கரம் குழியில் மடங்குவதுபோல் சாய்கிற அமைப்பு நம் ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை.

இதில் உங்களுக்கு இரண்டு நல்ல செய்தி உண்டு. ஒன்று, உங்களுடையது இரண்டு கதவு. அதன் பாடியும் பிரிட்டிஷ் ட்ரயம்ஃபும் நெருங்கிய சொந்தம். அதே அடிப்படையில் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற வண்டிகளும் செய்யப்பட்டதால், முன் சக்கரப் பாகங்கள், பிரேக் ரப்பர்கள், கேஸ்கெட்டுகள் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. காசு கொடுத்தால் வரும். நான்கு கதவு மார்க் 3-இன் பின் கதவு நசுங்கிப் போனால் அப்படி எங்கிருந்தும் வரவழைக்க முடியாது. இரண்டாவது, ஹெரால்டுக்குத் தனி சேஸி. ஃபியட் 1100, அம்பாசடர் இரண்டுக்கும் பாடியே சேஸி. அவற்றில் தளம் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனதாக அர்த்தம். ஹெரால்டில் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. கதவுக்குக் கீழே இருக்கும் நீளப் பட்டைகூடக் கழற்றி மாட்டுவதுதான். அதனால் ஒரே அளவு துரு இருந்தாலும் ஃபியட்டுக்கு விலை அதிகம் இறங்கும், ஹெரால்டுக்குக் குறைவாக இறங்கும். புரோக்கர் வந்து கால் வைக்கும் இடத்தில் இருக்கும் ஓட்டையைக் காட்டி, "பாடி முடிஞ்சு போச்சு சார்" என்று சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சேஸியைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி, எதை உறுதியாகச் சொல்ல முடியும் என்று பார்ப்போம். முதல் இடம் காகிதம். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, அதில் யார் பெயர் இருக்கிறது, புதுப்பித்தல் எந்த வருடத்தோடு நின்றது, வரி எதுவரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அப்பா காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி இன்னும் அவர் பெயரில் இருந்தால் நேராக வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 இவற்றோடு முதலில் உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்ற வேண்டும். இதற்குச் சட்டப்படி உள்ள கெடு மூன்று மாதம்தான். தாண்டிவிட்டால் அபராதம் கட்டிச் செய்வதுதான் வழி. புத்தகம் தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும். இவ்வளவு பழைய பதிவு கணினியில் ஏறாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆர்டிஓ ஆபீஸில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து ஏற்றச் சொல்ல வேண்டியிருக்கும். நடை அதிகம்தான். ஆனால் விற்பதற்கு முன் பணமும் நேரமும் போட வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். காகிதம் இல்லாத ஹெரால்டை வாங்குபவர் அதைப் பாகங்களின் குவியலாகத்தான் பார்ப்பார், அந்த விலையைத்தான் தருவார்.

அடுத்தது எண்கள். பானட்டைத் திறந்து, பின்புறத் தகட்டில் இருக்கும் சேஸி எண்ணையும், இன்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள், ஆர்டிஓவில் எடுப்பார்களே அதே மாதிரி. அந்த எண்களை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் விற்பது ஒரு முழு வண்டி. இன்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால், எண்பதுகளில் எங்கோ வேறு இன்ஜின் இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அது குற்றமில்லை, ஆனால் ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும், விலையும் குறையும். சேஸி எண் மாறியிருந்தால் விற்கிற பேச்சையே நிறுத்திவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மூன்றாவது, தரையில் படுத்துப் பார்க்க வேண்டிய சேஸி. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். நடு சேஸியிலிருந்து இருபக்கமும் கை நீட்டுவது போல் வரும் கிளைச் சட்டங்கள், பின்னால் டிஃப்ரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உட்கார்ந்திருக்கும் இடம், டிக்கித் தளத்துக்குக் கீழே வரும் சட்டங்கள் இவற்றைக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் நல்ல இரும்பு. 'சப்' என்று உள்ளே இறங்கினால் வெல்டிங் செலவு. கிளைகள் போயிருந்தால் புதிதாகச் செய்து வைக்கலாம். நடுச் சட்டமும் டிஃப்ரன்ஷியல் இடமும் போயிருந்தால் பாடியைத் தூக்காமல் வேலை ஆகாது, கணக்கே மாறிவிடும். தேவகோட்டை கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிற, காய்ந்த ஊர் என்பது உங்களுக்குச் சாதகம். சென்னையில் கடற்காற்றில் நின்ற வண்டிகளின் அடிப்பகுதியைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனது விட்டுப்போயிருக்கிறது. மண் தரையா, சிமெண்ட் தரையா என்று நீங்கள் சொல்லவில்லை. மண் தரையென்றால் மழைக்காலத்து ஈரம் கீழிருந்தே ஏறியிருக்கும்.

இன்ஜினை யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விடாதீர்கள். இது கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற விஷயம். இருபது வருடத்துக்கு மேல் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, 'ஓடுது பாருங்க' என்று காட்ட எந்த மெக்கானிக்குக்கும் கை அரிக்கும். சிலிண்டர் சுவரில் பூத்திருக்கும் துருவின்மேல் பிஸ்டன் ரிங் உரசினால் அந்த ஐந்து நிமிடச் சந்தோஷத்துக்கு ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் வேலை) செலவு வைத்துவிடும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பினால் 'இன்ஜின் இறுகவில்லை' என்று வாங்குபவரிடம் தைரியமாகச் சொல்லலாம். அது மட்டுமே விலையைக் கணிசமாக மாற்றும். திரும்பாவிட்டால் பலம் கொடுக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

இந்த இன்ஜினில் தெரிந்தவர் பார்க்கும் ஓர் இடம் உண்டு. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் போய்வந்தால் உள்ளே த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் தகடு) தேய்ந்திருக்கிறது. வாஷரே கழன்று விழுந்து கிராங்க் பிளாக்கை அரித்திருந்தால் பெரிய செலவு. கிளட்ச் இறுகிக் கிடந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். முன் சக்கரத்தின் கீழ் முட்டில் ட்ரனியன் என்ற பித்தளைப் பாகம் இருக்கிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் கிரீஸ் அடித்துவிட்டார்கள். கிரீஸ் உள்ளே போகாமல், தண்ணீர் போய் துருவேறி, ஒரு நாள் வளைவில் ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அதனால் வண்டி ஓடுகிற நிலையில் இருந்தாலும் யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஹெரால்டின் பானட்டைத் திறந்திருக்கிறீர்களா? முன் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். என் குருநாதர் அப்படித்தான் உட்கார்ந்து எனக்கு வால்வு கிளியரன்ஸ் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அதைத் திறக்கும்போது இருபக்கமும் ஆள் நின்று சமமாகத் தூக்குங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் கீல் இடம் வளைந்துவிடும். வளைந்த பானட் கதவோடு சேராது. கதவு இடைவெளி கோணலாக இருந்தால் விபத்து வண்டி என்று சொல்வார்கள். ஹெரால்டில் அப்படி முடிவு கட்ட முடியாது. போல்ட் போட்ட பாடி என்பதால் இடைவெளிகள் தளர்ந்து மாறும், திருப்பிச் சரிசெய்யவும் முடியும்.

இனி பெயின்ட். ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்ற அம்மாவின் நினைவை நான் மதிக்கிறேன். ஆனாலும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. டிக்கி மேட்டைத் தூக்கி, டேஷ்போர்டு அறைக்குள் டார்ச் அடித்து, கதவின் உள் அட்டை ஒன்றைக் கழற்றி அந்த இடங்களின் நிறத்தைப் பாருங்கள். வெளி நிறமும் உள் நிறமும் ஒன்றாக, வெளியில் மட்டும் வெயிலில் மங்கி இருந்தால் நல்ல அறிகுறி. கண்ணாடி ரப்பரின் ஓரத்தில், கீலின் மேல், ஒயரின் மேல் பெயின்ட் படிந்திருந்தால் பின்னால் அடித்தது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு, கதவின் அடி, பின்பக்க வளைவு எல்லாவற்றிலும் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டி இருக்கிறது. ஓரிரு இடத்தில் சின்னப் பட்டி இருப்பது ஐம்பது வருட வண்டிக்குக் குறையில்லை. அதை மறைக்காமல் நீங்களே காட்டினால் மற்றவற்றில் உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

மதுரை மெக்கானிக்கின் யோசனையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு அனுபவம் சொல்கிறேன். பத்து வருடத்துக்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குடும்பம் என்னை அழைத்து ஒரு ஃபியட் 1100-ஐக் காட்டினார்கள். மங்கிய சாம்பல் நிறம், கூரையில் பெயின்ட் தேய்ந்து கீழ்ப்பூச்சு தெரிந்தது. சீட் தையல்கூடப் பழையது. கண்ணுக்கு அழுக்கு. ஆனால் அடியில் அத்தனை சுத்தம். அப்படியே விடுங்கள், நான் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து நான் அனுப்பியவர் போனபோது வண்டி பளபளவென்று வெள்ளையாக நின்றது. உறவினர் ஒருவர் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிட்டார். பழைய சீட் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு ரெக்ஸின் தைத்திருந்தார்கள். போனவர் காந்தத்தை எடுக்கவே இல்லை. புதுப் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது என்று எழுந்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்குக் கடைசியில் கிடைத்தது நான் முதலில் சொன்ன தொகையைவிடக் குறைவு, பெயின்ட் செலவு தனி. அந்த வீட்டு அம்மா என்னிடம், "நல்லாத்தானே ஆக்குனோம்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. நான்தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

6 லட்சம் என்ற தொகை எங்கிருந்து வருகிறது? சேஸியிலிருந்து சீட் வரை முழுதாகக் கழற்றிச் சரியாகச் செய்து முடித்த வண்டிக்கு யாரோ எங்கோ கேட்ட விலை அது. அந்த வேலை 1.5 லட்சத்தில் முடியாது. 1.5 லட்சத்தில் முடிவது மேற்பூச்சு. இரண்டுக்கும் ஒரே விலை வராது. இன்னொன்றும் உண்டு. விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கிற விலை. கை மாறிய விலை யாருக்கும் வெளியே தெரிவதில்லை. ஒரே ஹெரால்ட் அதே விலையில் எட்டு மாதம் விளம்பரத்தில் நின்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதுதான் அதில் கிடைக்கும் தகவல். இங்கிலாந்தில் இத்தனை பவுண்டுக்குப் போகிறது என்று பெருக்கிப் பார்ப்பதும் உதவாது. அந்தச் சந்தை வேறு, வாங்குபவர் வேறு.

நான் கணக்குப் போடும் விதத்தைக் காட்டுகிறேன். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் வண்டியின் விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காகிதம் சரியாக, ஓடுகிற நிலையில், பழைய பெயின்ட்டோடு இருக்கும் இரண்டு கதவு ஹெரால்ட் உங்கள் சுற்றுவட்டாரத்தில் 5 லட்சத்துக்குக் கை மாறுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர, பிரேக்கும் முன் சக்கர வேலையும் 50,000, இன்ஜின் திறந்து பார்ப்பது 80,000, டேங்க், ரேடியேட்டர், பெட்ரோல் குழாய் 25,000, ஒயரிங் 20,000, ஐந்து டயர் 25,000, ரப்பர், சீட் ஒட்டு வேலை 30,000, காகிதச் செலவு 15,000. மொத்தம் 2,45,000. பழைய வண்டியில் திறந்தபின் தெரிகிற செலவு என்று ஒன்று கட்டாயம் வரும், அதற்குக் கால் பங்கு சேர்த்தால் சுமார் 3,06,000. மீதி 1,94,000. வாங்குபவரின் லாரி வாடகை, அலைச்சல், ஒரு வருடக் காத்திருப்பு இவற்றுக்கு அவர் 35,000-40,000 கழித்துக்கொள்வார். ஆக 1.5 லட்சத்தை ஒட்டி நியாயமான விலை வந்து நிற்கிறது. இதில் பெயின்ட் செலவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றால் அதுதான் உங்களுக்கு லாபம்.

அடிமட்ட விலையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. காயலான் கடையில் அன்றைய இரும்பு விலைக்கு அதைப் பெருக்கினால் ஒரு தொகை வரும். அதற்குமேல் கண்ணாடிகள், பம்பர், கிரில், விளக்குகள், மீட்டர், கதவுக் கைப்பிடி, 'ஹெரால்ட்' என்ற எழுத்துகள் எல்லாம் தனித்தனியாக விலை போகும். புரோக்கரின் 60,000 இந்தக் கணக்கில்தான் வந்திருக்கும். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். பாகங்களாக விற்பவருக்கு அது சரியான விலை. முழு வண்டியாக விற்க நினைக்கும் உங்களுக்குச் சரியில்லை. அதனால்தான் வீட்டைத் தேடச் சொல்கிறேன். பரண், மச்சு, அப்பாவின் அலமாரி எல்லாம் பாருங்கள். கழன்று விழுந்த சக்கர மூடி, ஒரிஜினல் ஜாக்கி, டூல் பை, உபரிச் சாவி, கையேடு, சர்வீஸ் பில் எல்லாம் அங்கே இருக்கலாம். ஒரு சின்ன எழுத்துப் பட்டை கிடைக்காமல் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்தவன் நான்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். மீட்டரில் இருக்கும் தூரத்தை நம்பி விலை சொல்லாதீர்கள். ஐந்து இலக்க மீட்டர் 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்தில் தொடங்கும், கேபிள் அறுந்து நின்ற வருடங்களும் இருக்கும். கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் இரண்டின் நிலையும் நிற்கிற வண்டியில் ஊகம்தான், அதனால்தான் கால் பங்கு சேர்த்தேன். வாங்க ஆள் எப்போது வருவார் என்பதும் ஊகம். ஹெரால்டைத் தேடுபவர்கள் குறைவு. சிறு வயதில் வீட்டில் இந்த வண்டி இருந்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. இரண்டு மாதத்தில் கிடைத்தாலும் கிடைக்கும், ஒன்றரை வருடம் ஆனாலும் ஆகும். அவசரமாகப் பணம் தேவை என்றால் என் கணக்கில் வருவதைவிடக் குறைத்துத்தான் கிடைக்கும்.

2021 விதிப்படி வின்டேஜ் பதிவு செய்துவிட்டு விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பதிவு 10 ஆண்டு செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத் தவிர சாலையில் சும்மா ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஆசைப்பட்டு வாங்குபவருக்கு அது இடைஞ்சல். எனவே அந்த முடிவை வாங்குபவருக்கே விட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை மட்டும் முடித்து வையுங்கள். பேச்சு முடிந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்பவரிடம் விற்க வேண்டாம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்குமேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, பேங்க் வழியாக வாங்குங்கள். வேறு மாநிலத்துக்காரர் என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28 தனியாக வேண்டும்.

படங்களில் ஒன்றில் டேஷ்போர்டு அறைக்குள் ஒரு சின்ன நோட்டு தெரிகிறதே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி, லிட்டர், ரூபாய் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. அப்பா எழுதிய பெட்ரோல் கணக்குதானே? அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வண்டியோடு சும்மா கொடுத்துவிடவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து உங்களுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போது, எங்கே, எவ்வளவு ஓடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. ஒரே கை வண்டி என்று நீங்கள் சொல்வதை நம்ப வைப்பதும் அதுதான். மூல நோட்டைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கொடுப்பதானால் விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். எண்களின் பென்சில் பிரிண்ட், சேஸியின் அடிப் படங்கள், காந்தம் பிடிக்காத இடங்கள் இந்த மூன்றும் தயாரானதும் எழுதுங்கள். தொகையாக ஏதாவது சொல்ல அப்போது எனக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும்.